வயிற்றில் ஓட்டை போடும் "ஜோடி" மாத்திரை! ஸ்டீராய்டு சாப்பிடுகிறவர்களே உஷார்!

சென்னை:-

சாயங்காலம் 7 மணி. ஆபீஸ் விட்ட கூட்டம் பஸ்சில் இருந்து இறங்குகிறது. காய்கறி வாங்குகிறவர்கள் ஒரு பக்கம் போகிறார்கள். மருந்துக்கடை வாசலிலும் நாலு பேர் நிற்கிறார்கள். சென்னையில் எந்தத் தெருமுனையிலும் தினமும் பார்க்கிற காட்சிதான் இது.

"தம்பி, இடுப்பு பிடிச்சுக்கிச்சு. நல்ல மாத்திரையா ரெண்டு குடு."

"சாப்பிட்டுட்டுப் போடுங்க சார். ராத்திரி ஒண்ணு, காலையில ஒண்ணு."

அத்தோடு பேச்சு முடிந்தது. கத்தரிக்கோலால் அட்டையை நறுக்குகிறார்கள். காசு கை மாறுகிறது. அடுத்த ஆள் வந்துவிடுகிறார். மொத்தம் அரை நிமிஷம்.

இந்த அரை நிமிஷத்தில் கடைக்காரர் கேட்காத கேள்வி ஒன்று இருக்கிறது.

"வேறே ஏதாச்சும் மாத்திரை சாப்பிடறீங்களா?"

வாங்க வந்தவர் சொல்லாத பதிலும் ஒன்று இருக்கிறது.

"ஆமாம்ப்பா, மூட்டு வாதத்துக்கு டாக்டர் ஸ்டீராய்டு எழுதியிருக்கார். ஆறு மாசமா சாப்பிடறேன்."

இந்த இரண்டு வரி பேசாமல் போனதால், வலி தீரும் என்று மாத்திரை வாங்கிப் போகிறவர் சில நாளில் ரத்த வாந்தி எடுத்து ஆஸ்பத்திரியில் படுக்கிற நிலைமை வரலாம். ஸ்டீராய்டும் வலி மாத்திரையும் வயிற்றுக்குள் சேர்ந்தால் நடப்பது அப்படி.

டாக்டருக்கும் தெரியாது, கடைக்கும் தெரியாது

ஸ்டீராய்டு எழுதிய டாக்டருக்கு, நோயாளி தெருமுனையில் வலி மாத்திரை வாங்குவது தெரியாது. வலி மாத்திரை கொடுத்த கடைக்காரருக்கு, இவர் வீட்டு அலமாரியில் ஸ்டீராய்டு இருப்பது தெரியாது. இரண்டும் தெரிந்த ஒரே ஆள் நோயாளிதான். அவரோ, "தலைவலி மாத்திரைதானே, இதைப் போய் டாக்டரிடம் சொல்வதா?" என்று சும்மா இருந்துவிடுகிறார்.

இன்னொரு வேடிக்கை, பலருக்குத் தாங்கள் சாப்பிடுவது ஸ்டீராய்டு என்பதே தெரியாது. "மூச்சு மாத்திரை" என்பார்கள். "வாத மாத்திரை" என்பார்கள். "சின்ன வெள்ளை மாத்திரை" என்பார்கள். அட்டையைத் திருப்பிப் பார்த்தால்தான் விஷயம் வெளியே வரும்.

அட்டையில் பிரட்னிசோலோன் என்று இருந்தால் அது ஸ்டீராய்டு. வைசோலோன், ஓம்னாகார்ட்டில் என்ற பெயர்களில் விற்பது அதுதான். டெக்சாமெதாசோன் என்று இருந்தாலும் ஸ்டீராய்டுதான். டெக்சோனா என்று கேட்டால் கிடைப்பது அது. பீட்டாமெதாசோன் என்பது பெட்னெசால். மெத்தில்பிரட்னிசோலோன் என்பது மெட்ரால். டெஃப்லாசாகார்ட் என்று ஒன்றும் இருக்கிறது.

ஆஸ்துமா முற்றும்போது டாக்டர் இவற்றை எழுதுவார். முடக்குவாதம், லூபஸ், சில வகைத் தோல் நோய்கள், சில வகை சிறுநீரக நோய்களுக்கும் எழுதுவார். வேறு ஒருவரின் கிட்னியைப் பொருத்திக் கொண்டவர்களுக்கும் எழுதுவது வழக்கம். இவர்களில் யாருக்கும் தலைவலி வராமல் இருக்காது. பல்வலி வராமல் இருக்காது. அப்போது என்ன மாத்திரை போடுவது என்பதில்தான் வினை இருக்கிறது.

எழுந்து நடந்த பெண்

ஸ்டீராய்டு என்றாலே விஷம் என்று பேசுகிறவர்கள் உண்டு. அது சரியில்லை.

1948-ம் ஆண்டு செப்டம்பர் மாதம் அமெரிக்காவில் மேயோ கிளினிக் ஆஸ்பத்திரியில், முடக்குவாதத்தால் படுத்த படுக்கையாகக் கிடந்த 29 வயதுப் பெண் ஒருவருக்கு முதன்முதலாக கார்ட்டிசோன் ஊசி போட்டார்கள். சில நாளில் அவர் எழுந்து நடந்தார். உலகமே ஆச்சரியப்பட்டது. 1950-ல் ஹென்ச், கெண்டால், ரைக்ஸ்டைன் ஆகிய மூன்று பேருக்கு நோபல் பரிசு கொடுத்தார்கள். அந்தக் கார்ட்டிசோனின் தம்பி தங்கைகள்தான் இன்றைய பிரட்னிசோலோனும் டெக்சாமெதாசோனும்.

கொரோனா சமயத்தில், 2020 ஜூன் மாதம், மூச்சுக் கருவியில் கிடந்த நோயாளிகளின் சாவைக் குறைத்ததும் விலை மலிவான இந்த டெக்சாமெதாசோன்தான். பிரிட்டனில் நடந்த பெரிய பரிசோதனையில் அது நிரூபணம் ஆனது.

ஆகவே டாக்டர் எழுதிய ஸ்டீராய்டைப் பார்த்து நடுங்க வேண்டியதில்லை. அதன் பக்கத்தில் யாரைக் கொண்டுபோய் உட்கார வைக்கிறோம் என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

காவல்காரன் போனான், கொத்தனாரும் போனார்

வயிற்றுக்குள் எந்நேரமும் அமிலம் சுரக்கிறது. ஆட்டுக்கறியையே கரைக்கிற அமிலம். அது வயிற்றையே கரைத்துவிடாமல் இருக்க, உள்சுவரில் வழவழப்பான பூச்சு ஒன்று இருக்கிறது. அந்தப் பூச்சு குறையாமல் பார்த்துக் கொள்வது புராஸ்டாகிளாண்டின் என்ற பொருள். அதுதான் அங்கே காவல்காரன்.

உடம்பில் அடிபட்ட இடத்தில் வலியையும் வீக்கத்தையும் கிளப்பி விடுவதும் இதே புராஸ்டாகிளாண்டின்தான். ஆஸ்பிரின் இதை உற்பத்தி ஆகாமல் தடுக்கிறது என்று 1971-ல் கண்டுபிடித்துச் சொன்னவர் இங்கிலாந்தைச் சேர்ந்த ஜான் வேன். 1982-ல் இவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

ஆஸ்பிரின் மட்டும் அல்ல. புரூஃபென் என்ற பெயரில் விற்கும் ஐபுபுரோஃபென், வோவரான் என்ற பெயரில் விற்கும் டைக்ளோஃபெனாக், அசெக்ளோஃபெனாக், நாப்ராக்சென், மெஃபெனாமிக் அமிலம், பிராக்சிகாம் எல்லாம் இந்தக் குடும்பம்தான். முழங்காலில் வலியைக் குறைக்கப் போகிற மாத்திரை, போகிற வழியில் வயிற்றின் காவல்காரனையும் வீட்டுக்கு அனுப்பிவிடுகிறது. பூச்சு தேய்கிறது. அமிலம் சுவரைத் தொடுகிறது. புண் ஆகிறது.

சாதாரண ஆளுக்கு அந்தச் சின்னப் புண் பெரும்பாலும் தானாக ஆறிவிடும். வயிற்றுச் சுவர் தன்னைத் தானே பூசி மெழுகிக் கொள்ளும். ஸ்டீராய்டு சாப்பிடுகிறவருக்கு இந்த இடத்தில்தான் சிக்கல். உடம்பில் எந்தக் காயமானாலும் ஆறுவதைத் தாமதப்படுத்துவது ஸ்டீராய்டின் குணம். சுவர் விரிசல் விட்டிருக்கிறது, கொத்தனார் லீவில் போய்விட்டார் என்ற கதை.

15 மடங்கு அபாயம்

அமெரிக்காவில் டென்னசி மாநிலத்தில் 65 வயதைத் தாண்டியவர்களை வைத்து நடத்திய ஆராய்ச்சி ஒன்று 1991-ல் வெளியானது. ஸ்டீராய்டும் இந்த வகை வலி மாத்திரையும் சேர்த்துச் சாப்பிட்டவர்களுக்கு, இரண்டும் சாப்பிடாதவர்களைவிட வயிற்றுப்புண் அபாயம் 15 மடங்கு இருந்தது. ஸ்டீராய்டை மட்டும் சாப்பிட்டவர்களுக்கு அவ்வளவாக வித்தியாசமே தெரியவில்லை.

ஒன்றும் ஒன்றும் இரண்டு என்றுதான் பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுக்கிறார்கள். வயிற்றுக்குள் கணக்கு வேறு மாதிரி போகிறது.

ஸ்டீராய்டு தனியாக வந்தால் சாது என்று இதை வைத்து முடிவு கட்டிவிடவும் முடியாது. 2020-ல் தைவானில் வந்த ஒரு பெரிய ஆராய்ச்சி, 14 நாளோ அதற்கும் குறைவாகவோ ஸ்டீராய்டு சாப்பிட்டவர்களுக்கே அடுத்த சில வாரத்தில் வயிற்றுக்குள் ரத்தக்கசிவு அதிகமாக இருந்ததைக் காட்டியது. "அஞ்சு நாள் கோர்ஸ்தானே சார்" என்று அலட்சியமாக இருக்கிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

வலிக்காத அல்சர்

இதைவிடப் பொல்லாத சங்கதி இன்னொன்று உண்டு. வயிற்றில் புண் வந்தால் வலிக்க வேண்டும். எரிய வேண்டும். அப்போதுதான் மனிதன் டாக்டரைத் தேடி ஓடுவான். ஸ்டீராய்டு வீக்கத்தை அடக்குகிறது. காய்ச்சலை அடக்குகிறது. அதோடு சேர்த்து எச்சரிக்கை மணியையும் அடக்கிவிடுகிறது. கூடவே வலி மாத்திரையும் உள்ளே இருக்கிறது. கேட்க வேண்டுமா?

குடலில் ஓட்டை விழுந்தவர்கள்கூட, "லேசா வயிறு உப்புசமா இருக்கு, வேறே ஒண்ணும் இல்லே" என்று சொல்லிக்கொண்டு நடந்து வருவது உண்டு. மற்றவர்களுக்கு வயிறு பலகை மாதிரி இறுகித் துடிதுடிக்க வைக்கிற வியாதி அது. ஸ்டீராய்டு சாப்பிடுகிறவரிடம் பூனை மாதிரி சத்தம் போடாமல் வரும்.

சிலருக்கு முதல் அடையாளமே மலம் தார் மாதிரி கன்னங்கரேல் என்று போவதுதான். பிசுபிசு என்று இருக்கும். நாற்றம் தாங்காது. உள்ளே கசிந்த ரத்தம் அமிலத்தில் பட்டுக் கறுப்பாகி வருகிறது. இரும்புச் சத்து மாத்திரை சாப்பிட்டாலும் கறுப்பாகப் போகும். அதனால் அந்த மாத்திரை சாப்பிடுகிறவர்கள் குழம்பிவிடக் கூடாது. ஆனால் மாத்திரையின் மேல் பழியைப் போட்டுவிட்டுச் சும்மாவும் இருந்துவிடக் கூடாது.

வாந்தியில் காப்பித்தூள் கலந்தது மாதிரி வந்தாலும் அது ரத்தம்தான். எழுந்து நின்றால் தலை சுற்றுவது, காரணம் இல்லாமல் வியர்த்துக் கொட்டுவது, கண் இருட்டுவது எல்லாமே ரத்தம் குறைகிறது என்பதற்கு அடையாளம். அப்போது "விடியட்டும் பார்க்கலாம்" என்று படுத்துவிடக் கூடாது. 108-க்குப் போன் செய்து ஆம்புலன்ஸை வரவழைக்க வேண்டும். போகும்போது சாப்பிட்ட மாத்திரைகளின் அட்டைகளையும் கையோடு எடுத்துப் போனால் டாக்டருக்குப் பாதி வேலை மிச்சம்.

"ஊசி போட்டா வயித்துக்குப் போகாதே?"

இந்த விஷயத்தில் சனங்களிடம் நிறைய தப்பு நம்பிக்கைகள் நடமாடுகின்றன.

"நான் சாப்பிட்டுட்டுத்தான் மாத்திரை போடறேன். எனக்கு அல்சர் வராது" என்பது ஒன்று. சாப்பாட்டோடு போட்டால் எரிச்சல் குறையும். அது நல்லதுதான். ஆனால் மாத்திரை ரத்தத்தில் கலந்து, ரத்தத்தின் வழியாகத் திரும்பி வந்து வயிற்றின் காவலைக் குறைக்கிறது. அதைச் சோறு தடுக்காது. பாலும் தடுக்காது.

"மாத்திரை வேண்டாம் டாக்டர், ஊசியே போட்டுடுங்க. வயித்துக்குப் போகாதே" என்பது அடுத்தது. டைக்ளோஃபெனாக்கை இடுப்பில் ஊசியாகக் குத்தினாலும் வயிற்றில் புண் வரும். வந்து சேரும் பாதைதான் வேறு. மேல் பூச்சு போட்ட ஆஸ்பிரின் மாத்திரைக்கும் இதே கதைதான்.

"கூடவே ஒரு ஜெலுசில் போட்டுக்கறேன்." இதுவும் பலிக்காது. அந்த மாதிரி மாத்திரை கொஞ்ச நேரம் அமிலத்தைத் தணிக்கும். கவசமாக நிற்காது. கவசமாக நிற்கக் கூடியது பாண்டோபிரசோல், ஓமிபிரசோல் வகை மாத்திரைகள். வயிற்றில் அமிலம் சுரப்பதையே குறைக்கிறவை அவை. வெறும் வயிற்றில், சாப்பாட்டுக்கு முன்பு போட வேண்டியவை. யாருக்கு வேண்டும், எத்தனை நாளைக்கு வேண்டும் என்பதை டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

முடக்குவாதத்துக்குச் சில சமயம் டாக்டரே ஸ்டீராய்டையும் வலி மாத்திரையையும் சேர்த்து எழுதுவது உண்டு. அது தப்பு அல்ல. கூடவே வயிற்றுக்குக் கவசமும் எழுதியிருப்பார். எத்தனை நாள் என்றும் கணக்குப் போட்டிருப்பார். பல நோயாளிகள் செய்கிற காரியம் என்னவென்றால், மாத்திரைச் செலவு கையைக் கடிக்கிறது என்று, "இது கேஸ் மாத்திரைதானே" என்று சொல்லிப் பாண்டோபிரசோலை மட்டும் விட்டுவிடுகிறார்கள். சீட்டில் முக்கியமானதே அதுதான் என்பது அவர்களுக்குத் தெரிவது இல்லை.

அப்படியானால் தலைவலிக்கு எதைப் போடுவது?

பாராசிட்டமால்.

குரோசின், கால்பால், டோலோ என்ற பெயர்களில் எல்லாக் கடையிலும் கிடைப்பது இதுதான். வலியும் குறையும், காய்ச்சலும் குறையும். மற்ற வலி மாத்திரைகள் மாதிரி வயிற்றுப் பூச்சை இது அரிப்பது இல்லை. ஸ்டீராய்டு சாப்பிடுகிறவருக்குத் தலைவலி, பல்வலி, உடம்புவலி வந்தால் முதலில் கையில் எடுக்க வேண்டியது இது.

ஆனால் இதற்கும் அளவு உண்டு. பெரியவர்கள் 500 மில்லிகிராம் மாத்திரையில் ஒரு வேளைக்கு ஒன்று, மிஞ்சிப் போனால் இரண்டு போடலாம். ஒரு வேளைக்கும் மறு வேளைக்கும் 4 மணி முதல் 6 மணி நேரம் இடைவெளி வேண்டும். 24 மணி நேரத்தில் மொத்தம் 4 கிராமைத் தாண்டவே கூடாது. அதாவது 500 மில்லிகிராம் மாத்திரை என்றால் 8, 650 மில்லிகிராம் மாத்திரை என்றால் 6. இது எல்லைக் கோடு. தினமும் போய்த் தொட வேண்டிய கோடு அல்ல. மெலிந்த உடம்புக்காரர்களும் வயதானவர்களும் இதைவிடக் குறைவாகத்தான் போட வேண்டும். கல்லீரல் கோளாறு உள்ளவர்களும், தினமும் குடிக்கிறவர்களும் டாக்டரைக் கேட்காமல் தொடக் கூடாது. அளவு மீறினால் கெடுவது வயிறு அல்ல, கல்லீரல்.

மூன்று நாள் போட்டும் வலி போகவில்லை என்றால் மாத்திரையின் எண்ணிக்கையைக் கூட்டுவதில் அர்த்தம் இல்லை. டாக்டரிடம் போக வேண்டியதுதான்.

முழங்கால் வலி, கழுத்துப் பிடிப்பு மாதிரி ஒரே இடத்து வலிக்கு வெந்நீர் ஒத்தடம் இருக்கிறது. மேலே தடவுகிற களிம்பும் இருக்கிறது. டைக்ளோஃபெனாக் களிம்பு தடவினால் ரத்தத்தில் கலப்பது கொஞ்சம்தான். மாத்திரையைவிட அபாயம் மிகக் குறைவு. குழாயையே பிதுக்கிக் காலில் குளிப்பாட்டாமல் இருந்தால் சரி.

பெயரில் ஒரு எழுத்து, உள்ளே வேறு மருந்து

"எனக்குப் பாராசிட்டமால்தான் வேண்டும்" என்று கேட்டு வாங்குகிறவர்களும் ஒரு பொறியில் விழுகிறார்கள். பாராசிட்டமால் இருக்கிற எல்லா மாத்திரையிலும் பாராசிட்டமால் மட்டுமே இருப்பது இல்லை.

காம்பிஃபிளாம் என்பதில் பாராசிட்டமாலோடு ஐபுபுரோஃபென் 400 மில்லிகிராமும் இருக்கிறது. ஜீரோடால்-பி என்பதில் பாராசிட்டமாலோடு அசெக்ளோஃபெனாக் இருக்கிறது. பெயருக்குப் பின்னால் ஒரு எழுத்து கூடினால் உள்ளே ஒரு மருந்து கூடும். டிஸ்பிரின் என்று தண்ணீரில் கரைத்துக் குடிப்பது ஆஸ்பிரின். நுரைத்துக்கொண்டு கரைவதால் அது சோடா ஆகிவிடாது.

சளி மாத்திரைகள் பலவற்றிலும் பாராசிட்டமால் இருக்கிறது. ஜலதோஷத்துக்கு ஒன்று, தலைவலிக்கு ஒன்று என்று இரண்டும் போட்டால், ஒரே மருந்தை இரண்டு தடவை விழுங்கியது மாதிரி ஆகிவிடும்.

இதற்கெல்லாம் ஒரே வழி, அட்டையில் பெரிய எழுத்தில் இருக்கும் பெயரை விட்டுவிட்டு, அடியில் பொடி எழுத்தில் இருக்கும் பெயரைப் படிப்பது. ஆங்கிலம் தெரியாவிட்டால் வீட்டில் பள்ளிக்கூடம் போகிற பிள்ளையிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லலாம். நறுக்கிக் கொடுக்கும் அட்டைத் துண்டில் பெயரும் இருக்காது, காலாவதித் தேதியும் இருக்காது. பெயர் இருக்கும் பக்கத்தை நறுக்கித் தரச்சொல்லிக் கேட்பதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. கொடுக்கிற காசுக்குக் கேட்கிற உரிமை அது.

"செட்" மாத்திரையில் ஒளிந்திருப்பது யார்?

இதுவரை சொன்னது டாக்டர் எழுதிய ஸ்டீராய்டின் கதை. டாக்டரே எழுதாத ஸ்டீராய்டு ஒன்றும் ஊருக்குள் உலாவுகிறது.

"ஜுரம், உடம்பு வலி. ஒரு செட்டு குடுங்க" என்று கேட்டால், சில கடைகளில் ஒரு சின்னக் காகிதப் பொட்டலம் வருகிறது. உள்ளே வெள்ளையில் ஒன்று, மஞ்சளில் ஒன்று, குட்டியாக ஒன்று. பெயரும் கிடையாது, ஊரும் கிடையாது. விலை மட்டும் உண்டு. மூன்று வேளை போட்டால் ஆள் குதித்து எழுந்துவிடுவார். "கைராசியான கடை" என்று பெயரும் வாங்கிவிடும்.

எல்லாக் கடைக்காரரும் இப்படி என்று சொல்ல முடியாது. சீட்டு இல்லாமல் ஒரு மாத்திரைகூடத் தராத கடைகளும் நகரில் இருக்கின்றன. ஆனால் பொட்டலம் கட்டுகிற இடத்தில், அந்தக் குட்டி மாத்திரை டெக்சாமெதாசோனோ பீட்டாமெதாசோனோவாக இருக்கக்கூடும். பக்கத்திலேயே டைக்ளோஃபெனாக்கும் இருக்கக்கூடும். டென்னசி ஆராய்ச்சியில் பார்த்த அதே ஜோடி, பொட்டலத்துக்குள் குடித்தனம் நடத்துகிறது.

குட்டியாக இருக்கிறதே என்று எடை போடக் கூடாது. முக்கால் மில்லிகிராம் டெக்சாமெதாசோன், 5 மில்லிகிராம் பிரட்னிசோலோனுக்குச் சமம். ஏற்கெனவே பிரட்னிசோலோன் சாப்பிடுகிற ஒருவர் இந்தப் பொட்டலத்தையும் விழுங்கினால், டாக்டர் போட்ட அளவு எங்கேயோ போய்விடும். சர்க்கரை வியாதிக்காரராக இருந்தால் ரத்தத்தில் சர்க்கரை ஒரே தாவாகத் தாவும். ரத்தக் கொதிப்பு இருந்தால் அதுவும் ஏறும். வலி மாத்திரை சிறுநீரகத்தைப் பிடித்து இழுக்க, கால் வீங்கும்.

இந்த மருந்துகள் சட்டத்தின் பார்வையில் சில்லறைச் சாமான்கள் அல்ல. 1945-ம் ஆண்டு மருந்து விதிகளில் "ஹெச்" அட்டவணை என்று ஒன்று இருக்கிறது. உள்ளுக்குச் சாப்பிடும் ஸ்டீராய்டுகளும், டைக்ளோஃபெனாக்கும் அதில் வருகின்றன. டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது. அட்டையின் இடது மேல் மூலையில் "ஆர்.எக்ஸ்." என்ற அடையாளம் இருப்பது அதற்காகத்தான். காகிதப் பொட்டலத்தில் அந்த அடையாளத்துக்கு இடம் ஏது?

மூட்டு வலிக்கு "ஒரே வாரத்தில் குணம்" என்று விற்கும் பெயர் தெரியாத பொடி, லேகியம், உருண்டை வகைகளும் இந்தச் சந்தேகப் பட்டியலில் உண்டு. நாட்டு மருந்து என்று சொல்லி ஸ்டீராய்டைக் கலந்து விற்பது பல நாடுகளில் பிடிபட்டிருக்கிறது. முறையாகப் படித்த சித்த மருத்துவர்கள் கொடுக்கிற மருந்தை இதோடு சேர்த்துப் பேசக் கூடாது. மருந்து சாப்பிட்ட மறுநாளே வலி மாயமாகி, பசி கூடி, ஒரு மாதத்தில் முகம் பௌர்ணமி நிலா மாதிரி உப்பினால், பொடிக்குள் என்ன இருக்கிறது என்று யோசிக்க வேண்டும்.

மழைக்காலத்தில் இரட்டை ஆபத்து

வடகிழக்குப் பருவமழை வந்தால் கொசு வரும். கொசு வந்தால் டெங்கு வரும். டெங்குவில் ரத்தத் தட்டணுக்கள் குறையும். அந்தச் சமயத்தில் ஆஸ்பிரின், ஐபுபுரோஃபென், டைக்ளோஃபெனாக் எதைப் போட்டாலும் ரத்தக்கசிவுக்குக் கதவைத் திறந்துவிட்டது மாதிரி. ஸ்டீராய்டு சாப்பிடுகிறவரோ ஏற்கெனவே வாசலில் நிற்கிறவர். என்ன காய்ச்சல் என்று ரத்தப் பரிசோதனையில் தெரிகிற வரைக்கும் பாராசிட்டமாலைத் தவிர வேறு எதையும் தொடக் கூடாது.

2006-ல் சிக்குன்குனியா தமிழ்நாட்டைப் புரட்டி எடுத்ததை நடுத்தர வயதுக்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். காய்ச்சல் ஒரு வாரத்தில் போனது. மூட்டு வலி மாதக்கணக்கில் போகவில்லை. "ஏங்க, போன தடவை டாக்டர் கொடுத்த சின்ன மாத்திரை டப்பாவில மிச்சம் இருக்கே, அதைப் போட்டுப் பாருங்களேன்" என்ற பேச்சு நடக்காத வீடு குறைவு. மிச்சம் வைத்த ஸ்டீராய்டு அட்டை, மிச்சம் வைத்த பட்டாசு மாதிரி. யார் கையில் எப்போது வெடிக்கும் என்று சொல்ல முடியாது.

நிறுத்தாதே, ஓடாதே!

இதைப் படித்துவிட்டு, "ஐயையோ, நாளையில் இருந்து ஸ்டீராய்டே வேண்டாம்" என்று யாராவது நிறுத்தினால் அது இன்னொரு விபரீதம்.

சிறுநீரகத்தின் தலைமேல் குல்லாய் மாதிரி அட்ரினல் என்ற சுரப்பி இருக்கிறது. உடம்புக்குத் தேவையான ஸ்டீராய்டைத் தினமும் சுரப்பது அதன் வேலை. வெளியில் இருந்து மூன்று வாரத்துக்கு மேல் மாத்திரை வந்துகொண்டே இருந்தால், அது வேலையைக் குறைத்துத் தூங்கிவிடும். மாத்திரையைப் பட்டென்று நிறுத்தினால் சுரப்பி உடனே கண்விழிக்காது. ரத்த அழுத்தம் இறங்கி ஆள் மயங்கி விழலாம். உயிருக்கே ஆபத்து வரலாம். அதனால்தான் டாக்டர் ஒவ்வொரு மில்லிகிராமாகக் குறைக்கிறார். தலைவலிக்கு விட வேண்டியது ஸ்டீராய்டை அல்ல, ஐபுபுரோஃபெனை.

இருதயத்துக்காகத் தினமும் 75 மில்லிகிராம் ஆஸ்பிரின் சாப்பிடுகிறவர்களுக்கும் இதுவே பொருந்தும். இகோஸ்பிரின் என்று சீட்டில் இருக்கும். அதுவும் ஆஸ்பிரின்தானே என்று தானாக நிறுத்தினால் மாரடைப்பு வரக்கூடும். ஸ்டீராய்டும் அதுவும் சேர்ந்து போகிறது என்று டாக்டரிடம் சொன்னால், வயிற்றுக்குக் கவசம் வேண்டுமா என்று அவர் முடிவு செய்வார். ஏற்கெனவே அல்சர் வந்தவர்கள், ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் மாதிரி மாத்திரை சாப்பிடுகிறவர்கள், 65 வயதைத் தாண்டியவர்கள் சொல்லாமல் இருக்கவே கூடாது.

வாயில் வைத்து உறிஞ்சும் ஆஸ்துமா இன்ஹேலர்கள் பலவற்றில் இருப்பதும் ஸ்டீராய்டுதான். ஆனால் அதன் அளவு மிகச் சிறியது. மூச்சுக் குழாயிலேயே பெரும்பாலும் வேலை முடிந்துவிடும். வயிற்றுப் புண்ணுக்கு அது ஜோடி சேருவது இல்லை. அந்த நோயாளிகளுக்கு இருக்கிற ஆபத்து வேறு. ஆஸ்துமாக்காரர்கள் சிலருக்கு ஆஸ்பிரினோ ஐபுபுரோஃபெனோ போட்ட சற்று நேரத்தில் மூச்சு இழுத்துக்கொள்ளும். ஒரு தடவை அப்படி ஆனவர்கள் அந்தப் பெயரைச் சட்டைப்பையில் எழுதி வைத்துக் கொள்வது உத்தமம்.

சீட்டு எழுதி வைத்துக் கொள்வது ஸ்டீராய்டு சாப்பிடுகிற எல்லாருக்குமே நல்லது. மாத்திரையின் பெயர், எத்தனை மில்லிகிராம், எப்போது ஆரம்பித்தது. மூன்றே வரி. மணிபர்சில் ரேஷன் கார்டு நகல் இருக்கிற இடத்தில் இதுவும் இருக்கலாம். மருந்துக்கடையில் கூட்டத்தில் நின்று நோயைச் சத்தமாகச் சொல்லக் கூச்சப்படுகிறவர்கள், பேசாமல் சீட்டை நீட்டினால் போதும். பல் பிடுங்கப் போகும்போது பல் டாக்டரிடமும் நீட்ட வேண்டும். பல் பிடுங்கியதும் முதலில் எழுதிக் கொடுப்பதே வலி மாத்திரைதான். ஸ்டீராய்டை நிறுத்திச் சில மாதங்கள்தான் ஆகிறது என்றாலும் அதையும் சொல்ல வேண்டும்.

தமிழ்நாட்டில் 104 என்ற எண்ணுக்குப் போன் செய்தால் மருந்து பற்றிய சந்தேகம் கேட்கலாம். மருந்து சாப்பிட்டு ஏடாகூடமாக ஏதாவது ஆகியிருந்தால், அதைப் பதிவு செய்ய மத்திய அரசின் மருந்துக் கண்காணிப்புத் திட்டம் இருக்கிறது. நோயாளியே நேரடியாகச் சொல்லலாம். எண் 1800-180-3024. கட்டணம் கிடையாது.